மால்கம் மிட்செல்: சூப்பர் பவுலில் பந்து பிடித்தவர், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கிறார்

பந்துப்பித்தன்

இதை விளையாட்டுப் பகுதியில் போடுவதா, கல்விப் பகுதியில் போடுவதா என்று யோசித்து, கடைசியில் இங்கேயே போடுகிறேன். நெறியாளருக்கு வேறு இடம் பொருத்தமென்று பட்டால் தாராளமாக நகர்த்தலாம்.

மால்கம் மிட்செல் அமெரிக்கன் ஃபுட்பாலில் வைட் ரிசீவர். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு ஆடினார். புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். 2016 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) நான்காம் சுற்று, மொத்த வரிசையில் 112ஆவது ஆள். முதல் சீசனில் 32 கேட்ச், 401 யார்டு, 4 டச்டவுன். இரண்டாவது சீசன் முழுக்கக் காயப் பட்டியலில். 2018 ஆகஸ்டில் அணி விடுவித்தது. 2019இல் ஓய்வு அறிவித்தபோது வயது 25. அவ்வளவுதான் தொழில்முறை வாழ்க்கை.

அவர் வளர்ந்த வால்டோஸ்டா, ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் சிறு நகரம். அமெரிக்கப் பள்ளி ஃபுட்பாலில் மிக அதிக வெற்றிகளைக் குவித்த அணிகளில் ஒன்று அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியுடையது. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் ஊரே மைதானத்தில்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் வேகமாக ஓடுகிற, உயரத் தாவிப் பந்தைப் பிடிக்கிற பையனுக்குக் கதவெல்லாம் தானாகத் திறக்கும். 2011இல் ஜார்ஜியா பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கல்லூரிக்குள் நுழையும்போது அவருடைய வாசிப்பு நடுநிலைப் பள்ளிப் பையனின் அளவில்தான் இருந்தது. இதை யாரும் துப்பறிந்து வெளியிடவில்லை, அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கல்லூரியில் இருக்கும்போதே அவர் தானாகப் படிக்க ஆரம்பிக்கிறார், அதுவும் குழந்தைகளுக்கான படப் புத்தகத்திலிருந்து. ஒருநாள் பல்கலைக்கழகம் இருக்கிற ஏதென்ஸ் நகரப் புத்தகக் கடையில், எதை வாங்கலாம் என்று ஒரு பெண்மணியிடம் கேட்கிறார். பேச்சுவாக்கில் அந்தப் பெண்மணி தன்னுடைய வாசகர் வட்டத்தைப் பற்றிச் சொல்ல, நானும் வரலாமா என்று மிட்செல் கேட்டுச் சேர்ந்துகொள்கிறார். வட்டத்தில் இருந்தவர்கள் நாற்பது, ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள். அவர்களுக்கு நடுவில் சோபாவில் கையில் நாவலோடு ஒரே ஒரு ஆண், ஜார்ஜியா அணியின் ரிசீவர். 2014இல் சிபிஎஸ் தொலைக்காட்சி இதைச் செய்தியாக்கியது. ஃபுட்பால் எனக்கு இயல்பாக வந்தது, வாசிப்புக்குத்தான் நான் உழைக்க வேண்டியிருந்தது என்ற பொருளில் அதில் அவர் பேசியது இன்னும் நினைவிருக்கிறது.

மாணவராக இருந்தபோதே ஒரு சிறுவர் புத்தகம் எழுதினார், ‘தி மெஜிஷியன்ஸ் ஹேட்’. முதலில் தானே பதிப்பித்தது, 2018இல் ஸ்காலஸ்டிக் வெளியிட்டது. ‘ஷேர் த மேஜிக்’ என்ற பெயரில் ஓர் அறக்கட்டளையும் நடத்துகிறார். பள்ளிகளுக்குப் போய் மேஜிக் செய்துகாட்டி, வாசித்து, பிள்ளைகள் கையில் புத்தகம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஓய்வுக்குப் பிறகு முழுநேரமும் இந்த வேலைதான்.

இவரைப் பற்றி நம்மவர்கள் யாராவது படித்திருக்கிறீர்களா?

சாமானியன்72

சார், நல்ல பதிவு. எனக்கு ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி விளையாடுகிற ஃபுட்பால்தான். இந்த ரிசீவர் என்பவர் என்ன செய்வார்? 32 பந்து பிடித்தார் என்கிறீர்கள். கிரிக்கெட்டில் ஒரு ஃபீல்டர் ஒரு சீசனில் பிடிப்பதை விடக் கொஞ்சம் அதிகம், இதில் என்ன பெருமை?

பந்துப்பித்தன்

நியாயமான கேள்வி. நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னே நகர்த்த வேண்டும். நகர்த்தினால் இன்னொரு நான்கு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. குவார்ட்டர்பேக் எறிவார், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். ஆனால் எங்கே ஓடுவது, எத்தனை அடி எடுத்துவைத்துத் திரும்புவது என்பதெல்லாம் முன்பே எழுதிவைத்தது. ஒவ்வோர் அணிக்கும் தலையணை கனத்தில் ஒரு பிளேபுக் உண்டு.

பேட்ரியட்ஸ் அணியில் இது இன்னும் சிக்கல். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து ரிசீவர் ஓடும் பாதையை அந்த நொடியிலேயே மாற்ற வேண்டும். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியும் அதே மாற்றத்தை அதே நொடியில் மனதில் போட்டிருப்பார். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் பந்து ஆளில்லாத இடத்தில் போய் விழும். சாட் ஓச்சோசிங்கோ என்று பெரிய பெயரெடுத்த ரிசீவர் 2011இல் அங்கே வந்து ஒரு சீசன் முழுவதும் பிடித்தது வெறும் 15. மிட்செல் முதல் வருடப் பையன். அந்த ஆகஸ்டில் சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் முழங்கை மூட்டு வேறு விலகியிருந்தது, பட்டை கட்டிக்கொண்டுதான் ஆடினார். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 32 மோசமில்லை.

அந்த சீசனின் இறுதிப் போட்டி, சூப்பர் பவுல் 51, ஹூஸ்டன், பிப்ரவரி 5, 2017. மூன்றாம் கால்பகுதியில் அட்லாண்டா 28, பேட்ரியட்ஸ் 3. டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் பலர். கடைசி மூன்றரை நிமிடம், 28-20, பந்து பேட்ரியட்ஸின் சொந்த 9 யார்டு கோட்டில். எதிர்முனைக்கு 91 யார்டு போக வேண்டும். மூன்றாவது முயற்சியில் இன்னொரு ரிசீவர் ஹோகனுக்கு 16 யார்டு. அடுத்து மிட்செலுக்கு 11. அதற்கடுத்ததுதான் எல்லோரும் பார்த்த, சக ரிசீவர் எடெல்மன் பிடித்த கேட்ச், மூன்று அட்லாண்டாக்காரர்களுக்கு நடுவில், பந்து தரையைத் தொட ஒரு விரல்கடை இருக்கும்போது. அதன் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அதற்கு முந்தைய 11 யார்டை யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை. ஆனால் அது கிடைத்திருக்காவிட்டால் எடெல்மனுக்கு அந்த வாய்ப்பே வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆட்டம் சமனாகி, சூப்பர் பவுல் வரலாற்றில் முதல்முறையாகக் கூடுதல் நேரத்துக்குப் போய், 34-28 என்று முடிந்தது. மிட்செல் அன்றைக்கு 6 கேட்ச், 70 யார்டு.

கோட்டைவிட்டவன்

அட்லாண்டாவில் இருக்கிறேன். 28-3 என்ற எண்ணை இந்த இழையில் எழுதத் தடை கோருகிறேன். நெறியாளர் கவனிக்கவும்.

ஒரு தகவல் விட்டுப்போயிற்று, பந்துப்பித்தன். 2013இல், கல்லூரியில் ஆடும்போது, கிளெம்சன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மிட்செலுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது எப்படித் தெரியுமா? பந்து பிடிக்கும்போது இல்லை, யாரும் மோதியும் இல்லை. சக வீரர் டாட் கர்லி 75 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அந்தச் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்த மிட்செல் தரையிறங்கும்போது கால் போயிற்று. சீசனின் முதல் ஆட்டம், முதல் கால்பகுதி. வருடமே போச்சு. அடுத்தவன் வெற்றிக்குக் குதித்துக் காலை உடைத்துக்கொண்ட ஆள் என்பதால், எங்களைத் தோற்கடித்தவராக இருந்தாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வராது.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் உருகுவதற்கு முன் ஒரு நிமிடம்.

இந்த மாதிரிக் கதைகள் அமெரிக்கர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தனிமனிதன் முயன்றான், வென்றான், வயலின் வாசி. நான் கேட்பது வேறு. பன்னிரண்டு வருடம் பள்ளியில் உட்கார்ந்திருந்த பையன் சரளமாகப் படிக்கத் தெரியாமல் எப்படிப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தான்? வகுப்பு வகுப்பாகத் தேர்ச்சி போட்டது யார்? அவனுடைய 40 யார்டு ஓட்டத்தை நூறில் ஒரு நொடிவரை துல்லியமாக அளக்கத் தெரிந்த அமைப்புக்கு அவன் எவ்வளவு படிக்கிறான் என்று பார்க்கத் தெரியவில்லையா?

இது புதிதும் இல்லை. டெக்ஸ்டர் மேன்லி என்று வாஷிங்டன் அணியின் தடுப்பாட்டக்காரர். 1989இல் அமெரிக்க செனட் குழு முன் உட்கார்ந்து, ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இருந்தும் தனக்குப் படிக்கத் தெரியாது என்று அழுதுகொண்டே சொன்னார். அதற்குள் இரண்டு சூப்பர் பவுல் வென்றிருந்தார். வளர்ந்த பிறகு இரவு வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்ட மனிதர்.

வடக்கு கரோலினா பல்கலைக்கழகம் இன்னும் மோசம். 1993 முதல் 2011 வரை ஒரு துறையில் வகுப்பே நடக்காத பாடங்கள். ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், நல்ல மதிப்பெண். 3,100 பேருக்கு மேல் இப்படிப் பலனடைந்தார்கள், ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014இல் வெயின்ஸ்டைன் அறிக்கை சொன்னது. 2017இல் கல்லூரி விளையாட்டு அமைப்பு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்ன தண்டனை கொடுத்தது? ஒன்றுமில்லை. விளையாடாத மாணவர்களும் அந்தப் பாடங்களை எடுத்திருந்தார்களாம், அதனால் அது வீரர்களுக்கான தனிச்சலுகை ஆகாதாம்! இந்த வாதத்தை யோசித்த வக்கீலுக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

மிட்செலைப் பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பாராட்டு வாங்குகிற நேரத்தில், அவரை அந்த நிலையில் விட்டவர்கள் தப்பித்துப் போகிறார்கள்.

சாமானியன்72

கணக்குப்பிள்ளை சார் எப்போதும் கல்யாண வீட்டில் வந்து கணக்கு கேட்பார் 🙂 ஆனால் கேட்டது சரி.

கரும்பலகை

டெக்சஸில் தொடக்கப் பள்ளியில் வாசிப்பு ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு விஷயம்.

ஒரு பிள்ளை படிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, எழுத்தையும் ஒலியையும் சேர்க்கத் தெரியவில்லை. இரண்டு, சேர்க்கத் தெரியும், ஆனால் படிக்கப் பிடிக்கவில்லை. முதல் வகைப் பிள்ளைக்கு மேஜிக் காட்டினாலும், சூப்பர் பவுல் மோதிரத்தைக் காட்டினாலும் பயனில்லை. கற்றுக்கொடுக்க வேண்டும், அதுவும் படிப்படியாக, பொறுமையாக. மிசிசிப்பி மாநிலத்தைப் பாருங்கள். 2013இல் சட்டம் போட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்சியாளர்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் படிக்கத் தெரியாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவைப்பது. தேசிய மதிப்பீட்டில் நான்காம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண் 2013இல் 209. 2019இல் 219, நாட்டின் சராசரியைத் தொட்டுவிட்டார்கள். ஏழை மாநிலம் என்று எல்லோரும் ஒதுக்கிய இடம். நிறுத்திவைப்பது சரியா என்பதில் எனக்கு மன உறுத்தல் உண்டு, அது தனி விவாதம். மிட்செலின் சொந்த மாநிலமான ஜார்ஜியாவும் 2023இல்தான் இந்த வழியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது.

இந்த இரண்டும் தனித்தனியாக இருந்தாலும் வயது ஏற ஏற ஒன்றாகக் கலந்துவிடும். படிக்கச் சிரமப்படுகிற பிள்ளை குறைவாகப் படிக்கும். குறைவாகப் படிப்பதால் இன்னும் பின்தங்கும். வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டானோவிச் 1986இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். பதினெட்டு வயதில் அந்தச் சுழலில் இருந்து வெளியே வருவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவள் என்பதால் மிட்செல் செய்ததைச் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

பீச்ட்ரீ_அம்மா

அக்கா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் ஜார்ஜியாவில்தான். மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவன் வகுப்பு ரீட்பவுலில் சேர்ந்தது. தெரியாதவர்களுக்கு: மிட்செல் அறக்கட்டளை நடத்துகிற போட்டி அது. ஜனவரியில் தொடங்கி சூப்பர் பவுல் நேரம் வரை நான்கு வாரம். வகுப்புதான் அணி, டீச்சர்தான் கோச். ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் எத்தனை நிமிடம் படித்தார்கள் என்று கணக்கு.

எங்கள் பள்ளியில் வீட்டுக்கு ஒரு தாள் வரும். நிமிடத்தை எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். இவன் அடுப்பு டைமரில் இருபது நிமிடம் வைத்துக்கொண்டு உட்காருவான். டைமர் அடித்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் புத்தகத்தை மூடிவிடுவான். என்னடா நடந்தது கதையில் என்றால், ‘இருபது நிமிஷம் ஆச்சும்மா’ என்பான். சில வீடுகளில் படிக்காத நிமிடத்துக்கும் கையெழுத்து விழுந்தது, பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள். டீச்சருக்கும் தெரிந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இந்தப் போட்டி மேலேயே வெறுப்பு வந்தது.

மூன்றாவது வாரம் வகுப்பில் ஒரு பையன் நாய் வளர்க்கிற கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இவனிடம் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு டைமர் அடித்தது. இவன் எழுந்துவந்து அதை நிறுத்திவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துவிட்டான். தோசை ஆறிப்போய்க் கிடந்தது. அப்புறம் அந்தத் தாளில் நிமிடம் எழுதவே மறந்துவிட்டான், நான்தான் எழுதினேன். போட்டி நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

உங்கள் பையனைப் படிக்கவைத்தது போட்டியா, அந்த நாயா?

பீச்ட்ரீ_அம்மா

நாய்தான். ஆனால் போட்டி இல்லாவிட்டால் அந்தப் பையன் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவந்திருப்பானா?

பந்துப்பித்தன்

இந்த இடத்தில்தான் நான் சொல்ல நினைத்தது இருக்கிறது. கணக்குப்பிள்ளை சார், உங்கள் கேள்வியை ஒதுக்கவில்லை. அமைப்பு அவரைக் கைவிட்டது உண்மை. ஆனால் அமைப்பை யாராவது திருத்தும்வரை பள்ளியில் இருக்கிற பிள்ளைக்கு இன்றைக்கு என்ன கொடுப்பது?

மிட்செலின் வேலையில் நான் கவனித்தது இதுதான்: அவர் பிள்ளைகளிடம் ‘படி, முன்னேறலாம்’ என்று பேசுவதைவிட, பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்தான் அதிக அக்கறை காட்டுகிறார். அது அவருக்கு நடந்ததையொட்டியே இருக்கிறது. கல்லூரிப் பையன் படப் புத்தகம் படித்தான், அந்த வயதில் ‘இதெல்லாம் உனக்கானதில்லை’ என்று யாரும் பிடுங்கவில்லை. வாசகர் வட்டத்துப் பெண்கள் தேர்வு வைக்கவில்லை, கதையைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்டார்கள். 2020இல் வந்த அவருடைய இரண்டாவது புத்தகத்தில் ஹென்லி என்ற பையனுக்குப் படிக்கவே பிடிக்காது. உனக்கு ரொம்பப் பிடித்த புத்தகத்தைக் கொண்டுவா என்று பள்ளியில் வீட்டுப்பாடம். நூலகத்தில் தேடுகிறான், கடையில் தேடுகிறான், ஒன்றும் தேறவில்லை. கடைசியில் தன் கதையைத் தானே எழுதிக் கொண்டுபோகிறான். பையனைத் திருத்தி, ‘எல்லாப் புத்தகமும் நல்லதுதான்’ என்று ஒப்புக்கொள்ளவைத்து முடிக்காதது எனக்குப் பிடித்தது.

கரும்பலகை மேடம் சொன்ன முதல் வகைப் பிள்ளைக்கு இது போதாது, ஒத்துக்கொள்கிறேன். இவர் பிடித்திருப்பது இரண்டாவது பாதி. முதல் பாதி பள்ளியின் வேலை, அதை ஓர் அறக்கட்டளை தலையில் ஏற்றினால் அது அரசுக்குத்தான் வசதி.

கோட்டைவிட்டவன்

ரிசீவர் இல்லை, ஆனால் இந்தப் பேச்சில் ஆலன் பேஜ் வராமல் போனால் பாவம். மினசோட்டா வைகிங்ஸ் அணியின் டிஃபென்சிவ் டாக்கிள், அதாவது தடுப்பாட்டக்காரர். ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டம் படித்து முடித்தார். 1993 முதல் 2015 வரை மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி. தன் அணியிலேயே சிலர் பிளேபுக் படிக்கத் திணறியதைப் பார்த்ததுதான் கல்விப் பக்கம் திரும்ப ஒரு காரணம் என்று சொன்னவர். 1988இல் ஃபுட்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது, தன்னை அறிமுகப்படுத்த ஒரு கோச்சையோ சக வீரரையோ அழைக்கவில்லை, மினியாபொலிஸ் பள்ளி முதல்வர் ஒருவரை மேடையேற்றினார். அதே வருடம் மனைவியோடு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கல்லூரிக்கு உதவித்தொகை கொடுப்பார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: வாங்குகிற மாணவர் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பில் உதவ வேண்டும்.

கரும்பலகை

இந்த நிபந்தனையைப் படித்ததும் என் வகுப்பு ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் எனக்கு நான்கைந்து பையன்கள் இருக்கிறார்கள், இரண்டாம் வகுப்பு அளவில் படிப்பவர்கள். அவர்களுக்கு ஏற்ற புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அட்டையைப் பார்த்ததுமே மேசைக்கு அடியில் மறைப்பார்கள். பக்கத்து மேசைக்காரன் பார்த்துவிடக் கூடாது. படிக்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்த வெட்கம்தான்.

அதே கட்டடத்தில் கிண்டர்கார்ட்டன் இருக்கிறது. வாரம் ஒருநாள் இவர்கள் அங்கே போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தால், முந்தின நாள் படப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைக்கும். யாராவது கேட்டால், ‘குட்டிப் பசங்களுக்கு வாசிக்கணும்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஹென்லி புத்தகத்தில் நான்கு பிரதி கேட்டு நூலகருக்கு எழுதியிருக்கிறேன். முதல்வர் சம்மதித்தால் அடுத்த மாதம்.

கணக்குப்பிள்ளை

நான்கு பிரதி போதுமா? பையன்கள் நான்கைந்து பேர் என்றீர்களே. ஐந்தாவது பிரதிக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், மேடம். தனிமடலில் முகவரி அனுப்புங்கள்.